எட்டு வாரம் கொடுங்கள்: அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மீட்டர் ரூமில் பூனை குட்டி போட்டிருக்கிறது என்று வாட்ச்மேன் வந்து சொல்வார். அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கிவிடும். சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்பார் ஒருவர். பாவம், கிண்ணத்தில் பால் வையுங்கள் என்பார் இன்னொருவர். முதலாவது குட்டிகளைக் கொல்லும். இரண்டாவதும், குட்டிகளின் வாயில் அந்தப் பாலைப் புகட்டினால், கொல்லும். தெருப் பூனைகளுக்கு உணவிட்டு, கருத்தடை செய்வித்து வரும் நாங்கள் உங்களிடம் கேட்பது எட்டு வாரம். அந்த எட்டு வாரத்தில் என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதை முழுமையாக எழுதிவிடுகிறோம். படித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பூனைத் தொல்லை ஒழிய வேண்டும் என்பதுதானே சங்கத்தின் கவலை? பால் கொடுக்கும் குட்டிகளைத் தாயிடமிருந்து எடுத்துவிட்டால், சில வாரங்களுக்குள் அவள் மறுபடியும் இணை தேட ஆரம்பித்துவிடுவாள். பூனையின் கர்ப்பகாலம் 63 முதல் 65 நாள். ஆக, மாதம் மூன்று ஆவதற்குள் அதே மீட்டர் ரூமில் அடுத்த ஈற்று. நம் ஊர் வெயிலில் பூனைக்குக் குட்டி போட இன்ன பருவம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை, ஈற்றுக்கு நான்கைந்து குட்டி. குட்டிகளைத் தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டே பூனைக் கூட்டத்தை வளர்க்கிற குடியிருப்புகள் உண்டு. தாயைப் பிடித்து ஒரு தடவை அறுவை செய்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அதற்கு அவள் உங்கள் வளாகத்தை நம்பித் தங்க வேண்டும். குட்டிகள் இருக்கும் இடத்தில்தான் தங்குவாள்.

சட்டம் பற்றி ஒரு வரி மட்டும். பசி, தாகத்தால் துன்புறும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். விஷம் வைத்தோ வேறு வகையிலோ விலங்கைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் வரும்; ஐந்து ஆண்டு வரை சிறை. சாக்கைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லி உத்தரவு வாங்குபவர் பெரும்பாலும் வாட்ச்மேன். அவரை இதில் மாட்டிவிடாதீர்கள்.

இனி குட்டிகள். பிறந்தபோது ஒரு குட்டி ஏறக்குறைய 100 கிராம் இருக்கும். கண் மூடியிருக்கும், காது மடிந்து அடைத்திருக்கும். உடல் சூட்டைத் தானாகக் காத்துக்கொள்ளத் தெரியாது. தானாகச் சிறுநீர் கழிக்கவும் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். அவளுடைய 'குர்குர்' சத்தத்தின் அதிர்வைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்துபோய் மடியைத் தேடும். இரண்டொரு நாளில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். முன்னங்கால் இரண்டாலும் மாறி மாறி அமுக்கிக்கொண்டு, காது பின்னால் போக, வால் நடுங்க நடுங்கக் குடிக்கும். குடித்து முடித்த குட்டியின் வயிறு சின்ன உருண்டை போல் இருக்கும், சத்தம் போடாது. இதுதான் நீங்கள் பார்க்க வேண்டிய அடையாளம். வயிறு உருண்டை, தொட்டால் சூடு, குவியலாக அமைதியான தூக்கம்: தாய் இருக்கிறாள், விலகி வந்துவிடுங்கள். வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, விடாமல் கத்திக்கொண்டு, தொட்டால் சில்லென்று இருந்தால்தான் ஆபத்து.

தாயைக் காணவில்லை என்று அரைமணி நேரத்தில் தீர்மானித்துவிடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. அவள் இரை தேடி மணிக்கணக்கில் வெளியே போவாள். ஆள் நின்றுகொண்டிருந்தால் திரும்பி வரவும் மாட்டாள். குட்டிகள் சூடாக இருந்தால் நான்கு முதல் ஆறு மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். அவ்வளவு நேரம் காத்திருக்க ஆள் இல்லையென்றால், அவள் வரும் வழியில் ஒரு மீட்டர் தள்ளிக் கோலப்பொடியைத் தூவிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்த்தால் கால் தடம் சொல்லிவிடும். கல் கோலப்பொடி மட்டும். அரிசிமாவு போட்டால் எறும்பு வரும்.

எறும்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். நம் ஊரில் கண் திறக்காத குட்டிகளுக்கு நாயைப் போலவே எறும்பும் எதிரி. பிரசவ ஈரம், தொப்புள்கொடி, சிந்திய பால் எல்லாம் அதைக் கூப்பிடும். தொப்புள்கொடி காய்ந்து விழ நான்கைந்து நாள் ஆகும், அதுவரை ஈயும் மொய்க்கும். முட்டையிட்டால் புழு வைத்துவிடும். எறும்புச் சாக்பீஸைக் கோடு போடாதீர்கள். அதிலிருப்பது பூச்சிக்கொல்லி, தாய் அதன்மேல் நடந்து, காலை நக்கி, அதே நாக்கால் குட்டியையும் நக்குவாள். வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குச் செய்வதைச் செய்யுங்கள். அகலமான தட்டில் இரண்டு செங்கல், தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், செங்கல் மேல் பெட்டி. பெட்டி சுவரைத் தொடக்கூடாது. தொட்டால் எறும்பு சுவர் வழியாக ஏறும். குட்டிகள் தவழ ஆரம்பிக்கும் மூன்றாம் வாரத்தில் தண்ணீர்த் தட்டை எடுத்துவிடுங்கள்.

பெட்டி என்று சொன்னது பெரிய அட்டைப்பெட்டியை. இரண்டடிக்கு ஒன்றரையடி போதும். வாசலைத் தரை மட்டத்தில் வெட்டாமல் ஒரு சாண் உயரம் விட்டு வெட்டினால் தாய் தாண்டிப் போவாள், குட்டி உருண்டு வெளியே விழாது. உள்ளே பழைய பருத்தி வேட்டி அல்லது புடவை. டர்க்கி டவல் வேண்டாம், அதன் இழையில் குட்டி நகம் மாட்டிக்கொள்ளும். வெறும் செய்தித்தாளும் வேண்டாம், கால் வழுக்கிப் பரப்பிக்கொண்டு கிடக்கும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை துணியை மாற்றுங்கள். பழைய துணியில் ஒரு துண்டை மட்டும் விட்டுவையுங்கள். வாசனை முழுக்க மாறினால் அவள் இடத்தை மாற்றிவிடுவாள்.

பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். மாற்றத்தான் செய்யும், ஆனால் காரணமில்லாமல் மாற்றாது. ஆள் நடமாட்டம், நாய், கடுவன் பூனை, பினாயில் நாற்றம், இதில் ஏதாவது ஒன்று இருக்கும். மனிதர் தொட்டால் குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது பெரும்பாலும் தவறான நம்பிக்கை. அவள் அஞ்சுவது நம் வாசனைக்கு அல்ல, தொந்தரவுக்கு. கழுத்தைக் கவ்வியதும் குட்டி உடலைத் தளர்த்திச் சுருண்டுகொள்ளும். தென்கலை வைணவர்கள் சரணாகதிக்கு உவமையாகச் சொல்லும் மார்ஜார நியாயம் இதுதான். நாம் அப்படிக் கழுத்தைப் பிடித்துத் தூக்கக்கூடாது. உள்ளங்கையில் ஏந்த வேண்டும்.

இடமே ஆபத்தானதாக இருந்தால், அதாவது ஜெனரேட்டர் அடியிலோ, லிஃப்ட் குழியிலோ, மழைத் தண்ணீர் ஏறுகிற பேஸ்மென்டிலோ இருந்தால், நகர்த்தித்தான் ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பேஸ்மென்டில் குட்டியை விட்டுவைப்பதற்கு மன்னிப்பே கிடையாது. தாய்க்குச் சாப்பாடு வைத்து, அவள் கண்ணெதிரிலேயே எல்லாக் குட்டிகளையும் ஒரே நடையில் பெட்டியில் எடுத்து வையுங்கள். பழைய துணியும் உடன் வரட்டும். புது இடம் அவள் குட்டியின் குரலைக் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். அடுத்த பிளாக்குக்குக் கொண்டுபோனால் தேடிக்கொண்டே இருப்பாள். சென்னையில் என்ன குளிர் என்று நினைக்க வேண்டாம். முதல் வாரத்துக் குட்டிக்குச் சுற்றிலும் ஏறக்குறைய 30 டிகிரி சூடு வேண்டும். ஈரமான மொசைக் தரை ஒரு ராத்திரியில் அதை உறிஞ்சிவிடும். சித்திரையில் தகரக் கூரையடி இதற்கு நேர்மாறு. அங்கே நிழலும் காற்றும் தேட வேண்டும்.

தாய்க்கு என்ன போடுவது? பால் கொடுக்கும் பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும். மூன்றாவது நான்காவது வாரத்தில் தேவை உச்சத்தில் இருக்கும். மூன்று கிலோ எடையுள்ள தாய்க்கு அந்த வாரங்களில் குட்டிகளுக்கான உலர் தீவனம் நாளொன்றுக்கு 100 முதல் 125 கிராம் ஆகும். பெரிய பூனைத் தீவனத்தைவிட குட்டித் தீவனமே தாய்க்கும் நல்லது, சத்து கூடுதல். வீட்டுச் சாப்பாடு என்றால் எலும்பு நீக்கிய கோழி, கொஞ்சம் ஈரல், உப்பில்லாமல் வேகவைத்த மத்தி. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சேர்த்தே வையுங்கள். பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். தயிர்சாதம், பால்சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். அவள் தன் எலும்பையும் சதையையும் கரைத்துப் பால் கொடுப்பாள். மிச்சக் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், அது பூனையின் ரத்த அணுவை உடைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

சாப்பாட்டைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஐந்தாறு மீட்டர் தள்ளி வையுங்கள். சாப்பாட்டு வாசனை நாயையும் காக்கையையும் கடுவனையும் குட்டிகளிடம் கூட்டிவரும். பிற கடுவன்கள் குட்டிகளைக் கடித்துக் கொல்வதும் உண்டு. காலை ஒரு நேரம், மாலை ஒரு நேரம், அரைமணி கழித்து மிச்சத்தை எடுத்துத் தரையைத் துடைத்துவிட்டால் கரப்பான் பூச்சி என்கிற புகாருக்கும் இடமில்லை. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும், கனமான மண்சட்டியில்.

தாயைத் தினமும் ஒரு பார்வை பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் வரை செந்நிறக் கசிவு லேசாக இருப்பது இயல்பு. நாறினாலோ, சீழாக வந்தாலோ, மடி கல்லாகிச் சிவந்து சுட்டாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நடுங்கிக்கொண்டு தள்ளாடினால் சுண்ணாம்புச்சத்து சரிந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அது மணிக்கணக்கில் உயிரை எடுக்கும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. பாரசிட்டமால் மாத்திரையைப் பாதி கூடக் கொடுக்காதீர்கள். பூனையின் ஈரலால் அதைக் கையாள முடியாது, செத்துப்போகும்.

அதே ஈரல் குறைதான் பினாயிலையும் அவளுக்கு விஷமாக்குகிறது. பெட்டியிலிருந்து பத்தடிக்குள் எட்டு வாரத்துக்குப் பினாயில் வேண்டாம் என்று ஹவுஸ்கீப்பிங் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். பாச்சை உருண்டையும் அப்படித்தான். பூனையை விரட்டுவதற்கென்றே மீட்டர் ரூமில் அதைப் போடுகிற வழக்கத்தை இன்றோடு நிறுத்த வேண்டும். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். பூனைக்கு அது வலிப்பு வரவழைக்கும். குட்டிகள் மேல் தெள்ளுப்பூச்சி இருந்தால் நெருக்கமான பல் சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் உதறுங்கள். அலட்சியமாக விட்டால் தெள்ளு குடிக்கும் ரத்தத்துக்கே 200 கிராம் குட்டி தாங்காது, ஈறு வெளுத்துவிடும். எலிக்கு வைக்கும் பசை அட்டையில் குட்டி ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், சமையல் எண்ணெய் தடவி மெதுவாகப் பிரியுங்கள்.

தாய் வண்டியில் அடிபட்டுப் போய்விட்டாள், நிச்சயம் திரும்ப மாட்டாள் என்று தெரிந்தால், வேலை நம் கைக்கு வருகிறது. அங்கே வரிசை முக்கியம்: முதலில் சூடு, பிறகுதான் பால். சில்லிட்ட குட்டியின் குடல் வேலை செய்யாது. அதன் வாயில் பால் ஊற்றினால் வயிற்றிலேயே கெடும், இல்லையென்றால் நுரையீரலுக்குப் போகும். விரலை வாய்க்குள் வைத்துப் பாருங்கள், உள்ளே சில்லென்றால் பால் கிடையாது. வெதுவெதுப்பான வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி விலகிக்கொள்ள மறுபாதி வேண்டும். சூடேற ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் ஆகலாம். அவசரப்பட்டு ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள்.

பால் என்றால் பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்பொடிதான். பசும்பாலின் சர்க்கரை குட்டிக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும், கொழுப்பும் புரதமும் பூனைப்பாலுக்கு ஈடாகாது. கைக்குழந்தைப் பால்பொடியும் போதாது. பெரும்பாலும் பொடி ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு; டப்பாவில் எழுதியிருப்பதே முடிவு. மணிக்கட்டில் விட்டால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். ஊசி கழற்றிய 2 மில்லி சிரிஞ்சில், 100 கிராம் குட்டிக்கு ஒரு வேளைக்கு 4 மில்லிக்கு மேல் வேண்டாம். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கொரு தடவை, ராத்திரியும்தான். இரண்டாம் வாரம் மூன்று நான்கு மணிக்கொரு தடவை. நம் குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டுப் புகட்டுவது போல் புகட்டினால் பால் மூச்சுக்குழலில் இறங்கும். குட்டியை வயிறு கீழே படும்படி, தாயிடம் குடிப்பது போலவே வைத்து, ஒவ்வொரு துளியாக, அது விழுங்கிய பிறகே அடுத்தது. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தி முகத்தைக் கீழே சாய்த்துத் துடையுங்கள். ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் பின்புறத்தை மெதுவாகத் தடவ வேண்டும், சிறுநீர் வரும் வரை. மூன்று வாரம் வரை இதை விடக்கூடாது.

தாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் பாதி வைத்தியம் ஆன மாதிரி. நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறாவிட்டால் கவலை, இறங்கினால் அன்றே மருத்துவர். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தால் காதுக்குப் பின்னால் நெயில் பாலிஷ் வைக்காதீர்கள், தாய் நக்குவாள். உடல் வண்ணத்தில் உள்ள சிறு வேறுபாடுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு முதல் பதினான்கு நாளில் கண் திறக்கும். தானாகத் திறக்காமல் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே சீழ், மருத்துவர் பார்க்க வேண்டும். மூன்றாம் வாரம் தள்ளாடி நடக்கும். நான்காம் வாரம் ஊறவைத்த தீவனத்தை நக்கும், மணல் தட்டைத் தேடும். கட்டியாகும் கடை மணல் வேண்டாம், குட்டி தின்றுவிடும், சாதாரண மணலே போதும். மூன்றிலிருந்து ஏழாம் வாரம் வரைதான் மனிதரோடு பழகும் வயது. தத்துக் கொடுப்பதாக இருந்தால் இந்த வாரங்களில் தினமும் கையில் எடுத்துப் பழக்குங்கள். குடற்புழு மருந்து எடைக்குத் தக்கபடி மருத்துவர் கொடுப்பார்; எட்டாம் வாரம் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. அதே இடத்தில் முன்பு குட்டிகள் வாந்தி பேதியில் வரிசையாகச் செத்திருந்தால் பான்லூக்கோபீனியா வைரஸாக இருக்கலாம். அது மாதக்கணக்கில் தரையில் இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. பூனை எதுவும் இல்லாத நேரத்தில் லிட்டருக்கு 30 மில்லி ப்ளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவிக் காயவிட வேண்டும்.

உங்கள் கூட்டத்தில் கட்டாயம் கேட்கப்படும் கேள்வி ஒன்று: கர்ப்பிணிகள் இருக்கிறார்களே? கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில் வரலாம், அதன் முடியில் இல்லை. கழித்து ஒரு நாளாவது ஆன பிறகே அது தொற்றும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், கையுறையோடு, கர்ப்பிணி அல்லாத ஒருவர். சரியாக வேகாத இறைச்சி வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் அதே கிருமி வரும். குழந்தைகளைப் பெட்டிக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவையுங்கள், தாய் பாய்ந்து கீறுவாள். கீறினால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும்.

எட்டாம் வாரம் வந்ததும் தள்ளிப்போடாதீர்கள். தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகக் கூடியவள். கர்ப்பப்பையை எடுத்தால் பால் வற்றிவிடும் என்று பயந்து தள்ளிப்போடுகிறார்கள்; வற்றாது. மடியில் பால் இருந்தால் விலாப்பக்கம் கீறிச் செய்வார்கள். குட்டிகளில் பெண்கள் நான்கைந்து மாதத்திலேயே சினைப்படும் என்பதால் அவற்றுக்கும் ஐந்து மாதத்துக்குள் செய்துவிட வேண்டும். கூண்டில் மத்தி வைத்துப் பிடித்து, கதவு விழுந்த நொடியே மேலே துணியைப் போர்த்துங்கள், இருட்டானால் அடங்கிவிடுவாள். அறுவைக்கு முன் பட்டினி எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், குட்டிகளைப் பெரிய பூனை போல் இரவு முழுக்கப் பட்டினி போடக்கூடாது. மயக்கத்திலேயே இடது காது நுனியைச் சிறிது வெட்டிவிடச் சொல்லுங்கள். அறுவை ஆனவள் என்பதற்கு அதுதான் அடையாளம், அடுத்த தடவை யாரும் அவளை மறுபடி பிடிக்க மாட்டார்கள். தையல் பார்த்து, ஓரிரு நாள் கழித்து, பிடித்த அதே இடத்தில் விட வேண்டும். குப்பைத்தொட்டிக்கு மூடியில்லாமல், எலி ஓடிக்கொண்டிருக்கும் வளாகத்தில் இவளை வேறிடம் கொண்டுபோய்விட்டால் அறுவை ஆகாத இன்னொரு பூனை வந்து உட்காரும்.

இந்தச் செலவைப் பராமரிப்புக் கணக்கிலிருந்து கொடுக்கும்படி கேட்கிறோம். பூச்சிமருந்து அடிப்பவருக்கு ஒவ்வொரு மாதமும் கொடுப்பதைப் போல் இது திரும்பத் திரும்ப வராது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள்: எட்டு வாரத்துக்குப் பொறுப்பாக ஒரு குடியிருப்பாளர், கூண்டு வாங்க ஒரு தொகை, மூடியுள்ள குப்பைத்தொட்டி, ஓட்டைகளை அடைக்கும் வேலை குட்டிகள் போன பிறகு மட்டும். கொத்தனார் சிமென்ட் பூசும் முன் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்காததால் உயிரோடு அடைபட்டுப் போன குட்டிகள் உண்டு.

தீர்மானம் வரும் வரை வாட்ச்மேனிடம் மூன்று மட்டும் சொல்லிவையுங்கள். சனிக்கிழமை ஜெனரேட்டர் ஓட்டிப் பார்க்கும் முன் அடியில் டார்ச் அடிக்க வேண்டும். மழை நாளில் கார் எடுக்கிறவர்களிடம் பானெட்டை இரண்டு தட்டு தட்டச் சொல்ல வேண்டும், சூட்டுக்குக் குட்டி ஏறிப் படுத்திருக்கும். மீட்டர் ரூமைப் பூட்டும் முன் தாய் உள்ளே இருக்கிறாளா வெளியே இருக்கிறாளா என்று பார்த்து, கதவில் ஒரு சாண் இடைவெளி விட வேண்டும்.

இப்படிக்கு,
தெருப் பூனைகளுக்கு உணவிட்டுக் கருத்தடை செய்வித்துவரும் குடியிருப்பாளர்கள்,
சென்னை